தமிழ் மின்னாவணங்களைக் குரலில் சரியாக ஒலிக்க வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடக்குறிப்பு, ஊர் வரலாறு, பத்திர நகல், விழா மலர், நூலகத்துக்கான மின்னூல் என்று ஏதாவது ஒன்றைப் புதுச்சேரி, கடலூர் பக்கம் தமிழில் தயாரிப்பவர்களுக்கான பக்கம் இது. பார்வையற்ற வாசகரோ, எழுத்து வாசிக்கச் சிரமப்படும் மாணவரோ அதைத் திரைவாசிப்பானில் (திரையிலுள்ள எழுத்தைக் குரலாக வாசிக்கும் மென்பொருள்) கேட்கும்போது எங்கே பிசகுகிறது, எதை எந்த வரிசையில் சரிசெய்வது என்பதை மட்டும் பார்க்கிறோம்.

தமிழ் எழுதியபடியே வாசிக்கிற மொழிதானே? ஒலிக்குறிப்பு எதற்கு?

பாதிதான் உண்மை. க, ச, ட, த, ப ஐந்தும் இடத்துக்குத் தக்கபடி ஒலி மாறுபவை. சொல்லின் முதலிலும் இரட்டிக்கும் இடத்திலும் வன்மையாக ஒலிக்கும். மெல்லினத்துக்குப் பின்னும் இரண்டு உயிருக்கு நடுவிலும் மெலியும். எழுத்தை ஒலியாக்கும் குரல் எஞ்சின்கள் இந்த விதியைக் கற்றுவைத்திருக்கின்றன. தமிழ்ச் சொல்லுக்கு இது போதும். வேற்று மொழியிலிருந்து வந்த சொல்லிலும் பெயரிலும்தான் சிக்கல்.

கடலூர் மாவட்டத்து ஊர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பரங்கிப்பேட்டை, குறிஞ்சிப்பாடி, காட்டுமன்னார்கோயில் மூன்றையும் எஞ்சின் சரியாகவே சொல்லும். புவனகிரியில் முதல் எழுத்து 'பஸ்'ஸின் ப. எஞ்சினோ 'பழம்' என்பதன் ப போட்டுச் சொல்லும். தேவனாம்பட்டினத்தின் 'தே'யும் அப்படியே. எழுத்தில் இந்த வேறுபாடு இல்லை, ஆகவே எஞ்சினுக்குத் தெரிய வழியும் இல்லை. அதைத் தெரிவிப்பதுதான் ஒலிக்குறிப்பு.

ஆனால் ஒன்று. 'குரல் தப்பாக வாசிக்கிறது' என்று வரும் புகார்களில் பெரும்பகுதி ஒலிக்குறிப்பால் தீரக்கூடியதல்ல. கோப்பின் எழுத்தே பழுதாக இருக்கும். முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

கோப்பைத் திறந்தால் குரல் ஆங்கில எழுத்துகளை உளறுகிறது. சில கோப்புகளில் சத்தமே இல்லை. ஏன்?

உளறினால், அது பாமினி, வானவில், டாம், டாப் போன்ற பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் தட்டச்சு செய்தது. கண்ணுக்குத் தமிழ், உள்ளே இருப்பது ரோமன் எழுத்தும் சின்னங்களும். சத்தமே இல்லையென்றால் இரண்டு காரணம் இருக்கலாம்: ஸ்கேன் செய்த வெறும் படம், அல்லது யூனிகோடின் (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியாக்கத் தரம்) தனிப்பயன் பகுதியில் எழுத்தை வைக்கும் டேஸ்16 குறியாக்கம். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடையும் டேஸ்16ஐயும் சேர்த்தே ஏற்றது. ஆனால் திரைவாசிப்பான்களுக்குத் தெரிந்தது யூனிகோடு மட்டுமே.

தீர்வு: குறியாக்க மாற்றி கொண்டு யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியபின் ஒரு பத்தியை நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே தமிழாகத் தெரிந்தால் குரலுக்கும் தமிழ். ஸ்கேன் படமென்றால் ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுப்பது) செய்து, மனிதக் கண்ணால் மெய்ப்புப் பார்க்க வேண்டும். துணைக்காலும் ரகரமும் ஓசிஆரில் இடம் மாறிக்கொள்வது வழக்கம்.

யூனிகோடுதான். ஆனாலும் 'கௌரி', 'மௌனம்' இரண்டும் வேறு மாதிரிக் கேட்கின்றனவே?

ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் தட்டியிருப்பார்கள். 'கௌரி'யும் 'கெளரி'யும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்று. குரலுக்கு இரண்டாவது 'கெ-ள-ரி'. பௌர்ணமி, சௌந்தரம், பௌத்தம் எல்லாவற்றிலும் இதைத் தேடுங்கள்.

மொத்தமாகத் தேடி மாற்றும் கட்டளையை மட்டும் கொடுக்காதீர்கள். வெள்ளம், வெளி, தெளிவு எல்லாமே அந்தக் கூட்டு கொண்டவை. கடலூர் வெள்ளம் பற்றிய ஆவணம் முழுக்க நாசமாகும். 'கெள' என்று மட்டும் மாற்றினாலும் கெளுத்தி மீன் மாட்டும். 'கெளர', 'கெளத', 'மெளன', 'பெளர்', 'செளந்' என்று மூன்றெழுத்து சேர்த்துத் தேடுவதே பத்திரம்.

இதோடு பார்க்க வேண்டியவை இன்னும் சில. தமிழ் எண் ௧ இருக்க வேண்டிய இடத்தில் க, ௭ இருக்க வேண்டிய இடத்தில் எ. பழைய மாற்றிகள் புள்ளிக்குப் பின் விட்டுச்செல்லும் கண்ணுக்குத் தெரியாத இணைப்பு நீக்கிக் குறி. பக்க வடிவமைப்பில் திருப்பாதிரிப்புலியூர் போன்ற நீளப் பெயரை வரி மடக்க இட்ட இணைப்புக்கோடு. அது உரையிலேயே தங்கிவிட்டால் ஓர் ஊர் இரண்டு ஊராகும். தோத்திர நூல்களில் க², க³, க⁴ என்று மேலெண் போட்டு வடமொழி ஒலி காட்டுவது வேறொரு தலைவலி: பல குரல்கள் அந்த எண்ணையும் சேர்த்து வாசித்துவிடும்.

மொழியைக் கோப்பில் குறிக்க வேண்டுமா?

கட்டாயம். மொழிக்குறி இல்லாத கோப்பை ஆங்கிலக் குரல் எடுத்துக்கொண்டால், அது தமிழ் எழுத்தைத் தாண்டிச் சென்றுவிடும். வேர்டில் ரிவ்யூ, லாங்வேஜ், செட் ப்ரூஃபிங் லாங்வேஜ் வழியே முழு உரையையும் தேர்ந்து தமிழ் என வையுங்கள். இபப் எனும் மின்னூல் கோப்பில் பொதி ஆவணத்தின் (நூல் விவரமும் கோப்புப் பட்டியலும் உள்ள கோப்பு) மொழி, ஒவ்வொரு அத்தியாயத்தின் மூல உறுப்பு இரண்டிலும் தமிழுக்குரிய ஈரெழுத்துக் குறி இருக்க வேண்டும்.

புதுச்சேரி ஆவணங்களில் பிரெஞ்சு வாக்கியங்கள் வரும். முழு வாக்கியம், மேற்கோள், நூல் தலைப்பு என்றால் அந்தப் பகுதிக்கு மட்டும் பிரெஞ்சு மொழிக்குறி கொடுங்கள். விண்டோஸ் திரைவாசிப்பானான என்விடிஏவில் பேச்சு அமைப்பின் தானியங்கி மொழி மாற்றம் இயக்கத்தில் இருந்து, பிரெஞ்சுக் குரலும் கணினியில் இருந்தால் அது தானே மாறும். தமிழ் வாக்கியத்தின் நடுவில் வரும் ஒற்றைப் பெயருக்கு இதைச் செய்யாதீர்கள். ஒரு சொல்லுக்காகக் குரல் மாறித் திரும்புவதில் வரும் இடைவெளி கேட்பவரை எரிச்சலூட்டும்.

சரி, ஒலிக்குறிப்பை எங்கே எழுதுவது?

இபப் நூலில் மூன்று இடம் உண்டு.

ஒன்று, பிஎல்எஸ் எனும் உச்சரிப்பு அகராதி. 2008இல் டபிள்யூ3சி (இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பு) பரிந்துரையான வடிவில் எழுதும் தனி எக்ஸ்எம்எல் கோப்பு (தகவலைக் குறிகளுக்குள் இடும் உரைக் கோப்பு) இது. ஒவ்வொரு பதிவிலும் 'கிராஃபீம்' உறுப்பில் எழுத்து வடிவம். அதற்கு எதிரே 'ஃபோனீம்' உறுப்பில் ஒலிவடிவம், அல்லது 'ஆலியாஸ்' உறுப்பில் மாற்றுச் சொல். கோப்பை நூலின் மேனிஃபெஸ்டில் (கோப்புப் பட்டியல்) சேர்த்து, ஒவ்வொரு அத்தியாயத்தின் தலைப்பகுதியிலும் இணைப்பு கொடுக்க வேண்டும். இணைப்பு கொடுக்க மறந்த அத்தியாயத்துக்கு அகராதி கிடையாது.

இரண்டு, எஸ்எஸ்எம்எல் எனும் பேச்சுக் குறிமொழியின் பண்புகள். உரையில் குறிப்பிட்ட சொல்லை ஸ்பான் உறுப்பில் (உரையின் ஒரு துண்டைச் சுற்றி இடும் குறி) இட்டு, அதன்மேல் ஒலிவடிவத்தை எழுதுவது. அகராதி ஒன்று சொல்லி இது வேறு சொன்னால் இதற்கே முன்னுரிமை. இரண்டு தவறு அடிக்கடி நடக்கும். எஸ்எஸ்எம்எல் பெயர்வெளியை (அந்தப் பண்புகள் எந்தத் தரத்தைச் சேர்ந்தவை என்று காட்டும் வரி) மேலே அறிவிக்காமல் விட்டால் எக்ஸ்எம்எல் பிழையாகி அத்தியாயமே திறக்காது. ஒலிக்குறிப்புள்ள உறுப்புக்குள் இன்னொரு ஒலிக்குறிப்புள்ள உறுப்பை வைப்பதும் செல்லாது.

மூன்று, சிஎஸ்எஸ் (பக்கத் தோற்றத்தை வகுக்கும் மொழி) பேச்சுப் பண்புகள். எண்ணை இலக்கம் இலக்கமாகச் சொல், எழுத்தெழுத்தாகச் சொல் என்பது போன்றவை.

அகராதியில் 'புவனகிரி' சேர்த்தேன். 'புவனகிரியில்' மட்டும் பழையபடியே வாசிக்கிறதே?

தமிழில் பிஎல்எஸ் காலை வாரும் இடம் இதுதான். அது எழுத்துக் கோவையை அப்படியே பொருத்திப் பார்க்கிறது. வேர்ச்சொல், வேற்றுமை உருபு எதுவும் அதற்குத் தெரியாது. புவனகிரி, புவனகிரியை, புவனகிரிக்கு, புவனகிரியில், புவனகிரியிலிருந்து, புவனகிரியின், புவனகிரியும் எல்லாம் அதற்குத் தனித்தனிச் சொற்கள். ஒவ்வொன்றையும் பதிய வேண்டும்.

கையால் செய்யத் தேவையில்லை. விரிதாளில் பெயர்களை ஈறு பார்த்துப் பிரியுங்கள். இ, ஈ, ஐ ஈற்றுக்கு யகர உடம்படுமெய். அ, ஆ ஈற்றுக்கு வகரம். 'ம்' ஈறு 'த்து' ஆகும்: சிதம்பரத்தில், சிதம்பரத்துக்கு. 'டு', 'று' ஈறு இரட்டிக்கும். 'ர்', 'ல்', 'ன்' ஈற்றில் புள்ளி போய் உயிர் ஏறும். ஒவ்வொரு வகைக்கும் உருபு வரிசை ஒன்று எழுதிக்கொண்டால் சூத்திரமே மீதியைத் தயாரிக்கும். ஒரு பெயருக்கு 15 வடிவம் என்றாலும் 60 பெயருக்கு 900 பதிவுதான். கோப்பின் அளவு ஒரு பொருட்டல்ல. பிறகு, நூலில் உண்மையில் வரும் சொற்பட்டியலோடு ஒப்பிட்டு, வராத வடிவங்களை நீக்கிவிடலாம்.

பெயரை மட்டும் ஸ்பானில் இட்டு உருபை வெளியே விட்டால் ஆகாதா என்பார்கள். 'கூபேருக்கு' (கூபேர் என்பது புதுச்சேரியில் வழங்கும் பிரெஞ்சுப் பெயர்) என்பதில் 'ரு' ஒரே எழுத்து. அதன் நடுவில் வெட்ட முடியாது. வெட்ட முடிந்த இடத்திலும் சில குரல்கள் சொல்லை இரண்டாக நிறுத்திச் சொல்லும். உருபோடு முழுச் சொல்லையும் சேர்த்தே இடுங்கள்.

பொருந்தாமல் போக வேறொரு காரணமும் உண்டு. 'கொ' என்பதை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, பொருத்தும்போது தோற்கும். உரையையும் அகராதியையும் யூனிகோடின் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாக்கிய) வடிவுக்கு மாற்றிவிடுங்கள். 'ஸ்ரீ' கூட சகரத்தின் இரு வேறு குறிகளால் எழுதப்படுகிறது. 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தால் எழுதியதும் பார்வைக்கு ஒன்றே. ஒரு பதிவில் பல கிராஃபீம்கள் இருக்கலாம் என்பதால் இரண்டையும் ஒன்றாகவே இடலாம்.

ஒலிவடிவம் எழுத வேண்டிய ஐபிஏ (அனைத்துலக ஒலியெழுத்து) தெரியாது. ஆலியாஸ் மட்டும் வைத்துச் சமாளிக்கலாமா?

சுருக்கத்துக்கும் எண்ணுக்கும் ஆலியாஸ் போதும். தமிழ்ச் சொல்லாக விரித்து எழுதுவதுதான் வேலை. ஒலிப்பு வேறுபாட்டுக்குப் போதாது, ஏனென்றால் 'பஸ்'ஸின் பகரத்தைத் தமிழ் எழுத்தால் வேறு எப்படியும் எழுத முடியாது.

தமிழுக்குத் தேவையான ஐபிஏ குறிகள் நாற்பதுக்குள் அடங்கும். அட்டை போட்டு மேசையில் ஒட்டிக்கொள்ளலாம். கவனம் மூன்று இடத்தில். விசைப்பலகையிலுள்ள ஆங்கில 'ஜி' எழுத்தும் ஐபிஏவில் மெலிந்த ககரத்துக்கான குறியும் வெவ்வேறு குறியீடுகள். நெடிலுக்கு முக்காற்புள்ளி போடக் கூடாது. அதற்கென்று இரு முக்கோணங்கள் கொண்ட தனிக்குறி உண்டு. ட, ண, ள, ழ நான்குக்கும் நாமடி ஒலிக் குறிகள்தாம் வேண்டும். வெறும் 'எல்' எழுதினால் பள்ளி பல்லியாகிவிடும்.

தமிழ்க் குரலிடம் இல்லாத ஒலியைக் கேட்டாலும் கிடைக்காது. புதுச்சேரியின் துய்மா வீதிப் பெயரில் முதல் உயிர் உகரமும் இகரமும் கலந்த பிரெஞ்சு ஒலி. அதை ஐபிஏவில் அச்சாக எழுதினால் குரல் அதைத் தள்ளிவிடும், அல்லது பக்கத்து ஒலியைப் போடும். தமிழ்க் குரலால் சொல்ல முடிந்ததைக் கேளுங்கள்.

பிரெஞ்சுப் பெயருக்கு எந்த உச்சரிப்பு? பாரிஸா, முத்தியால்பேட்டையா?

ஊர் வழக்கு. கூபேர் என்ற பெயரின் முதல் எழுத்தைப் பிரெஞ்சில் மெலிந்தே சொல்வார்கள். பெரிய மார்க்கெட்டைக் 'குபேர் அங்காடி' என்கிறவர்கள் வன்மையாகவே சொல்கிறார்கள். கேட்பவர் அந்தப் பெயரைத் தெருவில் விசாரிக்கப் போகிறவர். அவர் காதில் விழ வேண்டியது தெருவில் சொல்லும் பெயர்தான். பிரெஞ்சு மொழிப் பாடக்குறிப்பு மட்டும் விதிவிலக்கு.

ஒரே எழுத்து, இரண்டு ஒலி, இரண்டு பொருள் என்றால்?

பாவம் (தீவினை), பாவம் (நடனத்தில் முகக்குறிப்பு). பலம் (பழைய நிறையளவு), பலம் (வலிமை). பந்தம் (தீவட்டி), பந்தம் (உறவு). கதை (சொல்வது), கதை (வீமன் கையில் இருப்பது). அகராதியில் எதைப் போட்டாலும் மற்றது கெடும். அதிகம் வருவதை எஞ்சினின் இயல்புக்கே விட்டு, மற்றதை வரும் இடத்தில் மட்டும் எஸ்எஸ்எம்எல் பண்பால் குறியுங்கள். பரதநாட்டியப் பாடநூல் என்றால் வரிசை தலைகீழ்.

எண்களும் சுருக்கங்களும்?

605001 என்ற அஞ்சல் குறியீட்டைக் குரல் 'ஆறு லட்சத்து ஐயாயிரத்து ஒன்று' என்று தொகையாகச் சொல்லும். இலக்கமாக வாசிக்கும் சிஎஸ்எஸ் பண்பு கொடுங்கள். அதை மதிக்காத செயலிக்காக, உங்கள் சொந்த உரை என்றால் இலக்கங்களுக்கு நடுவே இடைவெளி விடலாம்.

01.11.1954 என்று எழுதினால் சில குரல்கள் தசமமாக்கிவிடும். '1954 நவம்பர் 1' என்று எழுதிவிட்டால் குறிப்பே தேவையில்லை. '1742-1754' என்பதற்கு '1742 முதல் 1754 வரை'. '12ம்' என்பதன் மகரம் தனியே தொங்கும், '12ஆம்' பரவாயில்லை.

பத்திரங்களில் த/பெ, க/பெ, புல எண் 45/2 போன்றவை வரும். குரல் 'த ஸ்லாஷ் பெ' என்று போகும். சட்ட ஆவணத்தின் எழுத்தை மாற்றக் கூடாது; அகராதியில் ஆலியாஸாகத் 'தந்தை பெயர்', 'கணவர் பெயர்' என்று இடுங்கள்.

புதுச்சேரிக்கே உரிய ஒரு வம்பு: பிரெஞ்சில் வீதியைக் குறிக்கும் சொல்லைத் தமிழில் 'ரூ' என்று எழுதுகிறோம். ரூபாய்ச் சுருக்கமும் அதுவே. புள்ளியோ எண்ணோ பக்கத்தில் இருந்தால் சில எஞ்சின்கள் 'ரூபாய் சுஃப்ரேன்' என்று வாசிக்கத் தயங்காது. 'சுஃப்ரேன் வீதி' என்று எழுதுவது எளிது. முகவரியை அப்படியே தர வேண்டியிருந்தால் அந்த இடத்தில் குறிப்பு கொடுங்கள்.

18ஆம் நூற்றாண்டு நாட்குறிப்பு, பழைய ஓலை, கணக்கு?

௲௭௱௪௰௮ என்பது 1748. மேற்படிக்கு ௸, வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳, ரூபாய்க்கு ௹. யூனிகோடில் இவை இருந்தும் பல குரல்கள் மௌனமாகக் கடந்துவிடும். வாக்கியத்தில் ஆண்டே இல்லாமல் போகும். மூலத்தைத் தொடாமல், சின்னங்களை அகராதியில் ஆலியாஸாக விரியுங்கள். எண் தொகுதிகளை மட்டும் வரும் இடத்திலேயே முழுத்தொகையாகக் குறிக்க வேண்டும். தனித்தனிச் சின்னமாக விரித்தால் 'ஆயிரம் ஏழு நூறு நான்கு பத்து எட்டு' என்றுதான் வரும்.

எல்லாம் எழுதியாயிற்று. குரலில் ஒரு மாற்றமும் இல்லையே?

உங்கள் கோப்பில் பிழை இல்லாமலும் இது நடக்கும். வாசிப்புச் செயலிகளில் பெரும்பாலானவை பிஎல்எஸ்ஸையும் எஸ்எஸ்எம்எல் பண்புகளையும் கண்டுகொள்வதில்லை. போதிய செயலிகள் ஆதரிக்காததால்தான், 2023இல் பரிந்துரையான இபப் 3.3இல் இவை முதன்மை ஆவணத்திலிருந்து நீக்கப்பட்டுத் தனிக்குறிப்பாக வைக்கப்பட்டன. செல்லாதவை ஆகிவிடவில்லை, நம்பியிருக்க முடியாதவை, அவ்வளவே. எச்டிஎம்எல் பக்கங்களுக்காக டபிள்யூ3சியில் வேறொரு முறை வரைவாக இருக்கிறது.

ஆகவே உழைப்பை இப்படிப் பங்கிடுங்கள்: எழுத்துப் பிழை, மொழிக்குறி, எண் எழுதும் முறை முதலில். இவை எல்லாச் செயலியிலும் பலன் தரும். பிறகு அகராதி, நூலுக்கு வெளியேயும் அந்தப் பட்டியல் உதவும். சொல் சொல்லாக எஸ்எஸ்எம்எல் கடைசியில், பொருள் மாறும் இடத்துக்கு மட்டும்.

அப்படியானால் உரையிலேயே எழுத்தை மாற்றி எழுதிவிடலாமே? அல்லது ஏரியா-லேபிள் (திரைவாசிப்பானுக்கு மட்டும் மாற்றுப் பெயர் தரும் பண்பு) கொடுத்தால்?

வேண்டாம். காதுக்காக எழுத்தைத் திரித்தால் தேடல் வேலை செய்யாது, நகலெடுப்பவர் தவறான எழுத்தை எடுத்துப் போவார், பிரெய்ல் திரையில் விரலால் வாசிப்பவருக்குப் பிழையான சொல் கிடைக்கும். ஏரியா-லேபிளும் பிரெய்லுக்குப் போவதால் அதே கேடு. போதாததற்கு, சாதாரண ஸ்பானில் அதற்கு அனுமதியும் இல்லை. ஒலிக்குறிப்பு குரலுக்கு மட்டும் போய், எழுத்தை அப்படியே விடுகிறது. அதன் மதிப்பே அதில்தான்.

பிடிஎஃப்தான் கேட்கிறார்கள். அதில் முடியுமா?

2017இல் வந்த பிடிஎஃப் 2.0 தரத்தில் ஒலிவடிவத்துக்கும் உச்சரிப்பு அகராதிக்கும் இடம் இருக்கிறது. வாசிக்கும் மென்பொருள்தான் கிடைப்பது அரிது. பிடிஎஃப்பில் தமிழின் நோய் வேறு: கொம்புகள் இடம் மாறிச் சேமிக்கப்படுவது. 'கொடி', 'மேடை' உள்ள வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். சிதறி விழுந்தால் குரலும் சிதறும். டேகுகளோடு (உரையின் அமைப்பைக் காட்டும் குறிகள்) மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள். அப்போதும் சரியாகாவிட்டால் மாற்று உரை இட்டு ஒட்டுப்போடுவதைவிட, இபப் அல்லது வேர்டு கோப்பைச் சேர்த்துக் கொடுப்பது வேகம்.

கேட்பவர் தன் பக்கத்தில் ஏதாவது செய்துகொள்ள முடியுமா?

முடியும், பல சமயம் இதுவே உடனடிப் பலன். என்விடிஏ மெனுவில் ப்ரெஃபரன்ஸஸ், ஸ்பீச் டிக்‌ஷனரீஸ், டீஃபால்ட் என்று போய்ச் சொல்லும் மாற்றும் பதியலாம். 'முழுச் சொல்' என்ற வகையைத் தேர்ந்தால் தமிழில் பொருந்தாமல் போகக்கூடும்: பல பதிப்புகளில் சொல் எல்லையைக் கணிக்கும் விதி புள்ளியையும் உயிர்க்குறிகளையும் எழுத்தாக மதிப்பதில்லை. 'கடலூர்' புள்ளியில் முடிவதால் எல்லையே கண்ணில் படாது. 'எங்கிருந்தாலும்' என்ற வகையை எடுத்து, வேறு சொல்லுக்குள் வராத அளவு நீளமாக எழுதுங்கள். 'கெளர' என்று தேடி 'கௌர' என்று மாற்றச் சொன்னால் கௌரி, கௌரவம், கௌரவத்தை எல்லாம் ஒரே பதிவில் தீரும்.

முதல் எழுத்தின் மெலிவுக்கு ரோமன் எழுத்தில் மாற்று எழுதிப் பார்க்கலாம். ஆனால் சொல்லுக்குள் ழ, ள, ற இருந்தால் அவை கெடும். ஐபோனின் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவரின் பேச்சு அமைப்பில் உச்சரிப்புப் பட்டியல் இருக்கிறது.

நீங்கள் நூலுக்காகத் தயாரித்த பெயர்ப் பட்டியலை உரைக் கோப்பாகவும் சேர்த்துக் கொடுத்தால், வாசகர் தன் அகராதியில் ஏற்றிக்கொள்ள வசதி.

வேறொருவர் எழுதிய நூலை இப்படி மாற்றலாமா?

2012 திருத்தத்துக்குப் பின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் பயன்பாட்டுக்காக அணுகத்தக்க வடிவில் படியெடுக்க அனுமதிக்கிறது. லாபம் கூடாது, பொதுச் சந்தைக்குப் போகவும் கூடாது.

எப்படிச் சோதிப்பது?

காதால். என்விடிஏவின் ஸ்பீச் வியூவர் எழுத்தைத்தான் காட்டும், ஒலியை அல்ல. குறைந்தது இரண்டு குரலில் கேளுங்கள்: என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ஜி, விண்டோஸின் வள்ளுவர் குரல். ஒன்றுக்குச் சரியாக்கியது மற்றதைக் கெடுக்கும். கோப்பு அமைப்பை இபப்செக், ஏஸ் என்ற இரண்டு சரிபார்ப்புக் கருவிகளிலும் ஓட்டுங்கள். அவை உச்சரிப்பைச் சொல்லாது, பெயர்வெளி மறந்ததைச் சொல்லும். கடைசியாக, அன்றாடம் திரைவாசிப்பான் பயன்படுத்துகிற ஒருவர் தன் வேகத்தில் கேட்க வேண்டும். நமக்கு மெதுவான வேகத்தில் உறுத்தும் பல பிழைகள் அவருக்குப் பொருட்டாக இருக்காது. நாம் கவனிக்காத ஓர் இடைநிறுத்தம் அவரை வரியின் முதலுக்கே திரும்ப வைக்கும்.

நூலில் ஒலிக்குறிப்பு இருப்பதை எங்கே அறிவிப்பது?

பொதி ஆவணத்தின் அணுகல் வசதி மேல்தரவில் (நூலைப் பற்றிய விவரம்), டிடிஎஸ் மார்க்கப் (ttsMarkup) என்ற மதிப்பைச் சேருங்கள். அகராதி முன்னுரைக்கு மட்டும் இணைக்கப்பட்டிருந்தால் சேர்க்காதீர்கள்.